அம்மியும் நகரும்

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாசகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. நேரம் போதாமல் மேடையில் விட்டுப்போன சில வரிகளை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, வெள்ளிக் கொலுசுத் தொழிலாளர்கள் சார்பில் வந்திருக்கும் பெரியவர்களே, வாடகை என்று ஒரு ரூபாய்கூட வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட லீ பஜார் மண்டிக்காரர் ஐயா அவர்களே, மைக் செட் போட்டுக் கொடுத்த தம்பிகளே, பட்டறையைச் சாத்திவிட்டுக் கையில் கரி போகாமலேயே ஓடிவந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைமையாசிரியை அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் எனக்கு மனசு ஆறாது. அவர்கள் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் வராண்டாவில் ஒரு மர அலமாரி இருந்தது. அதற்குப் பூட்டு கிடையாது. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் யார் வேண்டுமானாலும் எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். "புத்தகம் காணாமல் போகிறதே அம்மா" என்று ஒருவர் கேட்டதற்கு, "எங்கேயோ ஒரு வீட்டில் படிக்கிறார்கள் என்று அர்த்தம், இருக்கட்டும்" என்றார்களாம். அப்படிப்பட்டவர் தலைமையில் இந்தப் பேச்சு அமைந்தது என் பாக்கியம்.

மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். எங்கள் சந்தில் விளக்கு எரியவில்லை என்று போய்ச் சொன்னோம். மூன்றாம் நாள் எரிந்தது. இன்றைக்கு நான் வைக்கப் போகும் கோரிக்கையும் ஒரு விளக்கைப் பற்றியதுதான். பேச்சின் முடிவில் அதற்கு வருகிறேன். பொன்னாடைக்குப் பதிலாக எல்லோருக்கும் புத்தகம் கொடுத்த விழாக் குழுவினரையும் பாராட்டுகிறேன்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். பழக்கங்களைப் பற்றி எழுதி உலகம் முழுக்க அறியப்பட்ட ஜேம்ஸ் கிளியர் என்பவரின் வாழ்வும் பணியும். மூன்று செய்திகள் சொல்ல நினைத்திருக்கிறேன். ஒன்று, அவருடைய வாழ்க்கை. இரண்டு, அவர் சொன்ன நான்கு விதிகள். மூன்று, நம் ஊரிலேயே, ஏற்காடு போகும் சாலையில், நேரம் தவறாமையை ஒரு தொழிலாகவே மாற்றிக் காட்டிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமாப் படக் கம்பெனியின் டி.ஆர்.சுந்தரம்.

அதற்கு முன்னால் ஒரு பழமொழி. நான் எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்லாமல் இறங்கியதில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். கொலுசு அடிக்கிற ஊரில் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அடியில் கம்பி தட்டையாகிவிடும் என்று நினைத்து ஓங்கி அடிக்கிறவன் கம்பியை உடைப்பான். பழகின கை மெதுவாக, ஒரே அளவாக, நூறு தட்டு தட்டும்.

ஜேம்ஸ் கிளியர் 1986-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஹாமில்டன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பேஸ்பால் ஆடியவர். மகனுக்கும் அதே கனவு. பத்தாம் வகுப்பின் கடைசி நாளில் சக மாணவன் ஒருவன் மட்டையைச் சுழற்றியபோது அது கை நழுவிப் பறந்து வந்து இவர் முகத்தில், இரண்டு கண்ணுக்கும் நடுவில், மோதிவிட்டது. மூக்கு உடைந்தது. மண்டை ஓட்டில் பல இடங்களில் விரிசல். இரண்டு கண் குழி எலும்புகளும் நொறுங்கிவிட்டன. பள்ளியில் இருந்த நர்ஸ், "இது எந்த வருஷம்?" என்று கேட்கிறார். பையன் 1998 என்கிறான். அப்போது நடந்துகொண்டிருந்தது 2002. "உன் அம்மா பெயர் என்ன?" என்று கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. ஆனால் வருவதற்குப் பத்து விநாடி ஆனது. தாய்மார்களே, பெற்ற பிள்ளை உங்கள் பெயரைச் சொல்லப் பத்து விநாடி யோசித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஹெலிகாப்டரில் சின்சினாட்டி நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். மருந்து கொடுத்துக் கோமாவில் வைத்துக் காப்பாற்றினார்கள். எழுந்து வந்தவர் நேர்கோட்டில் நடப்பதையே பயிற்சியாக எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த வருடம் பள்ளி அணியில் இடம் கொடுக்கவில்லை. காருக்குள் உட்கார்ந்து அழுததாக அவரே எழுதியிருக்கிறார்.

பிறகு டெனிசன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் செய்த இரண்டு காரியங்களைக் கேளுங்கள். மற்ற பையன்கள் இரவெல்லாம் வீடியோ கேம் ஆடியபோது இவர் நேரத்தோடு தூங்கினார். விடுதி அறையை ஒழுங்காக வைத்துக்கொண்டார். கேட்பதற்கு எவ்வளவு சின்ன விஷயம்! ஆனால் தன் வாழ்க்கை தன் கைக்குத் திரும்ப வந்தது என்ற உணர்வு அங்கேதான் பிறந்தது என்கிறார். அடிபட்டு ஆறு வருடம் கழித்து அந்தப் பல்கலைக்கழகத்தின் சிறந்த ஆண் விளையாட்டு வீரர் அவர்தான். படிப்பும் ஆட்டமும் சேர்ந்து சிறந்தவர்கள் என்று நாடு முழுவதிலும் 33 பேருக்குக் கொடுத்த, ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டுத் தொலைக்காட்சியின் பெயரிலான கௌரவமும் கிடைத்தது. தொழில்முறை ஆட்டக்காரராக அவர் ஆகவில்லை. அதை மறைக்காமல் சொல்கிறார். எனக்கு அவரைப் பிடித்ததற்கு முதல் காரணம் அதுதான். நம் மேடைகளில் வெற்றிக் கதை சொல்கிறவர்கள் எல்லோரையும் கலெக்டர் ஆக்காமல் விடுவதில்லை.

2012 நவம்பர் 12-ஆம் தேதி தன் இணையதளத்தில் எழுதத் தொடங்கினார். வாரம் இரண்டு கட்டுரை, திங்கள், வியாழன். 2013 முடிவில் முப்பதாயிரம் பேர் மின்னஞ்சலில் கேட்டு வாங்கிப் படித்தார்கள். 2015-இல் இரண்டு லட்சம் பேர். 2018 அக்டோபர் 16 அன்று 'அட்டாமிக் ஹேபிட்ஸ்' என்ற புத்தகம் வந்தது. ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்று, ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போயிருக்கிறது. ஒன்றரைக் கோடிக்கு முன்னால் அந்தத் திங்களும் வியாழனும் இருக்கின்றன. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

இந்தப் பழமொழியையே அவரும் சொல்கிறார் என்றால் நம்புவீர்களா? சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்று ஒரு கூடைப்பந்து அணி. அவர்கள் உடை மாற்றும் அறையில் ஜேக்கப் ரீஸ் என்பவரின் வாசகம் ஒன்று தொங்குவதைப் புத்தகத்தில் குறிப்பிடுகிறார். கல் உடைக்கிறவன் நூறு தடவை அடிக்கிறான், ஒரு கீறல்கூட இல்லை. நூற்றியோராவது அடியில் கல் பிளக்கிறது. பிளந்தது அந்தக் கடைசி அடியால் மட்டும் இல்லை, முன்னால் விழுந்த அத்தனை அடியாலும்தான். அவர்கள் சுவரில் மாட்டியதை நம் பாட்டிமார்கள் ஒரே வரியில் அம்மிக்கல்லை வைத்துச் சொல்லிவிட்டார்கள்.

தினமும் ஒரு சதவீதம் முன்னேறினால் வருட முடிவில் முப்பத்தேழு மடங்கு என்று அவர் ஒரு கணக்குப் போடுகிறார். கூட்டு வட்டிக் கணக்காகப் பார்த்தால் சரிதான். ஆனால் மனிதன் வங்கிக் கணக்கு இல்லை. எந்தத் தொழிலாளியும் ஒரு வருடத்தில் முப்பத்தேழு மடங்கு கொலுசு அடிக்க முடியாது. அந்தக் கணக்கை நான் ஓர் உற்சாகமாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இனி நான்கு விதிகள். பழக்கம் வர வேண்டுமானால் அது கண்ணில் பட வேண்டும், ஆசையைத் தூண்ட வேண்டும், செய்வதற்கு எளிதாக இருக்க வேண்டும், செய்து முடித்ததும் ஒரு நிறைவு தர வேண்டும். ஒரு பழக்கத்தை விட வேண்டுமானால் இந்த நான்கையும் தலைகீழாக்க வேண்டும். கண்ணில் படுவது, எளிதாக இருப்பது என்ற இரண்டும்தான் உயிர் என்பேன். மற்ற இரண்டையும் அவர் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தின் வாலில் புதிய பழக்கத்தைக் கட்டு என்றும், எந்தப் புதுப் பழக்கத்தையும் இரண்டு நிமிடத்தில் முடிகிற அளவுக்குச் சின்னதாக்கித் தொடங்கு என்றும் சொல்கிறார். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது.

பெரியப்பா கதையைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் கொலுசில் பற்றவைக்கும் வேலைக்காரர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. பள்ளிக்கூடம் போனவர் இல்லை. எண் தெரியும், தராசு தெரியும், எழுத்து தெரியாது. வெள்ளி கொடுப்பவர்கள் எடையைச் சீட்டில் எழுதித் தருவார்கள். ஒருமுறை அப்படி வந்த சீட்டில் எண்ணுக்குக் கீழே இரண்டு வரி எழுத்தும் இருந்தது. பெரியப்பா எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கைநாட்டு வைத்தார். சேதாரம் முழுக்க வேலை செய்கிறவர் பொறுப்பு என்று அந்த இரண்டு வரியில் இருந்திருக்கிறது. இரண்டு மாதக் கூலி போயிற்று. கொடுத்தவர் யார் என்று நான் சொல்லப் போவதில்லை, பெரியப்பாவும் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் பெரியம்மா அழுதார். பெரியப்பா அழவில்லை. இரவு என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது ஆறாம் வகுப்பு.

"ஏன் சாமி, ஒரு நாளைக்கு ஒரு எழுத்து எனக்குக் காட்டுவியா? ஒண்ணே ஒண்ணு போதும், அதுக்கு மேல என் மண்டையில ஏறாது" என்றார்.

வேலை முடிந்ததும் பட்டறைத் தரையைச் சின்னத் துடைப்பத்தால் கூட்டுவார். அந்தத் தூசியில் வெள்ளி இருக்கும், ஒரு சிட்டிகைகூட வீணாக்க முடியாது. கூட்டிச் சேர்த்து டப்பாவில் போடுவதற்கு முன்னால் அந்தத் தூசியைத் தரையில் பரப்புவார். நான் அதில் விரலால் ஒரு எழுத்து எழுதுவேன். அவர் அதன்மேல் விரலை ஓட்டுவார், மூன்று தடவை. அப்புறம் தூசி டப்பாவுக்குள் போய்விடும். எழுத்து அவருக்குள் போய்விடும். இரண்டு நிமிடம்கூட ஆகாது. தரை கூட்டுவது முப்பது வருடப் பழக்கம். அதன் வாலில் எழுத்தைக் கட்டினார். எந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு அப்படிச் செய்தார்? ஒன்றும் இல்லை, அவருக்குத்தான் படிக்கவே தெரியாதே!

ஆடிப் பதினெட்டு கழித்துத் தொடங்கினோம். பொங்கலுக்குள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார். அப்புறம் வந்ததுதான் வேடிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அயோத்தியாப்பட்டணத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். இன்றைக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு என்கிறோமே, அங்கே நிற்கிறோம். "பலகையை நான்தான் படிப்பேன், நீ வாயைத் திறக்கக் கூடாது" என்று எனக்குக் கட்டளை. ஒரு பஸ் வந்தது. பெரியப்பா "அ... யோ..." என்றார். "த்" கிட்டே வரும்போது பஸ் கிளம்பிவிட்டது. இரண்டாவது பஸ். "அ... யோ... த்... தி... யா..." என்று வந்துவிட்டார், "ப்" என்பதற்குள் அதுவும் போய்விட்டது. எனக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாதே! மூன்றாவது பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். டிரைவர் ஹாரன் அடிக்கிறார், கண்டக்டர் கத்துகிறார், பெரியப்பா நகரவில்லை. பஸ் ஸ்டாண்டே கேட்கும்படி "அயோத்தியாப்பட்டணம்!" என்று ஒரே மூச்சில் சொன்னார். கீழே இறங்கிச் சண்டைக்கு வந்த கண்டக்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏறுங்க பெரியவரே, உங்களுக்காகத்தான் நிக்குது" என்றார். விசேஷத்துக்குப் போனபோது பந்தி முடிந்துவிட்டது. பெரியப்பாவுக்குப் பசியே இல்லை. வழியெல்லாம் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தார்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு புதிய செயல் யோசிக்காமலே வருகிற பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளிலேயே வந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணித்தார்கள். இருபத்தொரு நாளில் மாறலாம் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே, அது மனிதனுக்கு மனிதன் இருக்கும் வித்தியாசத்தை மறைக்கிறது. நம் பெரியவர்கள் ஒரு மண்டலம், 48 நாள் என்று வைத்தார்கள். பெரியப்பாவுக்கு ஏறக்குறைய ஆறு மாதம். அம்மி நகர்ந்தது.

படிக்கத் தெரிந்துவிட்டது. இனி எங்கே போய்ப் படிப்பது? வீட்டில் புத்தகம் கிடையாது. இரண்டு தெரு தள்ளி நூலகம் இருந்தது. பெரியப்பா வேலையை முடித்து, தரை கூட்டி, கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு போகும்போது இரவு எட்டேகால். நூலகம் பூட்டியிருக்கும். பட்டறைக்கு லீவு விட்ட நாளில் போனால் அன்றைக்கு நூலகத்துக்கும் லீவு. பல நாள் அந்தப் பூட்டின கதவுக்கு முன்னால் நின்று, வேலை நேரம் எழுதியிருந்த பலகையை மட்டும் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். "அந்தப் பலகை எனக்கு மனப்பாடம் சாமி" என்பார். ஆறு மாதம் தூசியில் எழுதிக் கற்ற மனிதருக்கு இந்த ஊர் படிக்கக் கொடுத்தது ஒரு பலகை. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஜேம்ஸ் கிளியரிடம் நான் வேறுபடுகிற இடம் இதுதான். சூழல்தான் பழக்கத்தை வளர்க்கிறது என்று அவர் சொல்வது முழு உண்மை. படிக்க வேண்டுமா, புத்தகத்தைத் தலையணைமேல் வை என்கிற மாதிரி வழி சொல்கிறார். ஆனால் அது தனக்கென்று ஓர் அறை, ஒரு மேசை, ஒரு கட்டில் இருப்பவனுக்குச் சொன்னது. முன்னறை பட்டறை, பின்னறை அடுப்படி, நடுவில் ஆறு பேர் படுக்கிறார்கள் என்ற வீட்டில் எந்தச் சூழலை மாற்றுவது? அங்கே டிவி இருக்கும், அடுப்பு இருக்கும், அழுகிற குழந்தை இருக்கும். ஏழையின் படிப்பறை அவன் வீட்டுக்குள் இல்லை, தெருவில்தான் இருக்க முடியும். அதற்குப் பெயர்தான் பொது நூலகம்.

"சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம், வைத்ததொரு கல்வி மனப்பழக்கம்" என்று ஔவை பாடினார். சித்திரம் பழக இந்தத் தெருவில் நூறு பட்டறை இருக்கிறது. பதினைந்து வயதுப் பையன் கொலுசில் பூ வைப்பான், கண்ணை மூடிக்கொண்டு வைப்பான். மனப்பழக்கத்துக்கு இடம் எங்கே?

சூழலை மாற்றினால் பழக்கம் மாறும் என்று ஓர் அரசாங்கமே நம்பிச் செயல்பட்டது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் இங்கேதான் கொண்டுவந்தார். இந்த ஊர் நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர் அவர். குடிக்காதே என்று புத்தி சொல்வதோடு நிற்காமல், வேலை முடிந்து வருகிறவன் கண்ணில் கடை படாமல் செய்யப் பார்த்தார். கிளியர் சொல்லும் விதியைத் தலைகீழாகப் பிடித்தது அது. நாம் அதை நேராகப் பிடிக்க வேண்டும். வேலை முடிந்து வருகிறவன் கண்ணில் திறந்த நூலகம் பட வேண்டும். இரவு எட்டரை மணிக்கு இந்தத் தெருவில் என்னென்ன திறந்திருக்கிறது என்று நடந்து பாருங்கள். டீக்கடை, புரோட்டாக் கடை, செல்போன் ரீசார்ஜ் கடை எல்லாம் திறந்திருக்கும், நூலகத்தைத் தவிர.

இது புதிதாக நான் கேட்பதில்லை. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி, நூல்கள் பயன்படுவதற்கே. அந்த ஒரு விதியை விளக்கும்போதே நூலகம் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும் என்று பேசுகிறார். அதே வருடம் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். படிப்பவனைத் தேடிப் புத்தகம் போன காலம் அது. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகு வந்த முதல் நூலகச் சட்டம் அதுதான். அந்தச் சட்டத்தின்படி நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து வசூலாகிறது, இப்போது பத்து சதவீதம். வாடகை வீட்டில் இருப்பவனும் வாடகை வழியாக அதைக் கட்டத்தான் செய்கிறான். பணம் கொடுத்தவனுக்குக் கதவு திறக்க வேண்டும்.

டி.ஆர்.சுந்தரம் அவர்களைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். நேரம் ஆகிவிட்டது என்று தம்பி சீட்டு அனுப்பிவிட்டார். அதற்குத் தனியாகவே ஒரு மாலை வேண்டும். இருக்கிற நேரத்தைக் கோரிக்கைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

மாமன்ற உறுப்பினர் அவர்களே, கேட்பது பெரிய விஷயம் இல்லை. பட்டறைகள் இருக்கும் பகுதியில் உள்ள கிளை நூலகங்களை இரவு ஒன்பதரை வரை திறந்து வைக்க வேண்டும். வாரம் ஏழு நாளும் முடியாது என்றால் மூன்று நாளில் தொடங்கட்டும், அதுவும் முடியாது என்றால் ஒரு நாளில் தொடங்கட்டும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். நூலகர்கள் மேல் கூடுதல் சுமை ஏற்றச் சொல்லவில்லை. ஏற்கெனவே அவர்கள் ஒரு ஆளாக நின்று மூன்று ஆள் வேலை பார்க்கிறார்கள். மாலை நேரத்துக்கு மட்டும் இன்னொரு ஆளைப் போடச் சொல்லுங்கள். விளக்குக் கட்டணம் அதிகமாகும் என்றால் அதை வசூலித்துத் தர இந்தத் தெரு தயாராக இருக்கிறது. பின்வரிசையில் கை தூக்குகிறார்களே, நீங்களே பாருங்கள். பட்டறைக்கு லீவு விடும் நாளில் நூலகம் கட்டாயம் திறந்திருக்க வேண்டும். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படிக்கப் பாயும், சாவிக் கொத்தை வாங்கிப் பூட்டிவிட்டுப் போகப் பொறுப்பான இரண்டு இளைஞர்களும் எங்களிடம் இருக்கிறார்கள்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எடுத்துக்கொண்டு போகிறோம். தலைமையாசிரியை அம்மா முதல் கையெழுத்து போட்டுவிட்டார்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறேன், கூச்சப்பட வேண்டாம், என் பெரியப்பாவும் வைத்தவர்தான். கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாருக்காவது ஆசை இருந்தால் கூட்டம் கலைந்த பிறகும் நான் அந்த மேசைக்குப் பக்கத்திலேயே நிற்பேன். இன்றைக்கு உங்கள் பெயரின் முதல் எழுத்து மட்டும், இரண்டே நிமிடம். மீதி எழுத்துக்கு நாளைக்கு இரவு எட்டேகாலுக்கு அந்தப் பூட்டின நூலகத்தின் திண்ணைக்கு வாருங்கள், பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன்.

நன்றி, வணக்கம்.